"புகைப்படம் எடுக்கத் தடை": யார் விதித்த தடை?

சென்ற மாதம் வடநாட்டு நகரம் ஒன்றின் வணிக வளாகத்தில் கடைப் பெயர்ப்பலகைகளை ஒளிப்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பலகையில் எத்தனை மொழிகள் உள்ளன, எந்த வரிவடிவம் மேலே இருக்கிறது, எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பதிவுசெய்வது என் கள ஆய்வின் ஒரு பகுதி. நாற்பது படங்கள் எடுத்திருந்த நிலையில் காவலாளி வந்து தடுத்தார். "இது தனியார் இடம். எடுத்ததை எல்லாம் அழித்துவிட்டுப் போங்கள்" என்றார். மேலாளரும் வந்து அதையே சொன்னார். அழித்துவிட்டேன். அறைக்குத் திரும்பிய பிறகுதான் கேள்வி எழுந்தது. என்னை வெளியேறச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. என் படங்களை அழிக்கச் சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது?

வளாகத்தின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. ஆங்கிலத்தில் "போட்டோகிராஃபி ப்ரொஹிபிடெட்", இந்தியில் "போட்டோ கீஞ்ச்னா மனா ஹை". நம் ஊரில் இதுவே "புகைப்படம் எடுக்கத் தடை செய்யப்பட்டுள்ளது" என்று இருக்கும். மூன்று மொழியிலும் வினைமுதல் தோன்றவில்லை. தடை செய்தவர் அரசா, நீதிமன்றமா, கட்டட உரிமையாளரா என்பதை வாக்கியம் சொல்வதில்லை. சில பலகைகளுக்குப் பின்னால் சட்டம் உண்மையாகவே நிற்கிறது. பாதுகாப்பு நிலையங்களின் வாயிலில் இருப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிக்கான தடைக்கு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணை உண்டு. வணிக வளாகத்தின் பலகைக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தேடியபோது, ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு விரிந்தது.

இந்தியாவில் ஒளிப்படக்கலை தனியிடங்களுக்குள் முதலில் அழைப்பின் பேரிலேயே நுழைந்தது. ஹைதராபாத் ஆறாம் நிஜாமின் அவை ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லாலா தீன் தயாள் 1892-இல் அந்நகரில் அந்தப்புரப் பெண்களுக்கென்றே தனியொரு படநிலையம் நிறுவினார். அங்கே படமெடுக்கும் பொறுப்பு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. யார் பார்க்கலாம், யார் எடுக்கலாம், படம் யாரிடம் போய்ச் சேரும் என்பவை எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. கனமான கருவியும் கண்ணாடித் தகடும் இருந்த காலத்தில் அழையா விருந்தாளியாக ஒளிப்படக் கலைஞர் எங்கும் நுழைந்துவிட முடியாது. 1888-இல் கோடக் நிறுவனத்தின் கைக்கருவி விற்பனைக்கு வந்த பின்னர் நிலைமை மாறியது. நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் கருவியோடு உள்ளே வரலாம் என்றானபோது சட்டத்தின் முன் புதிய வழக்குகள் வந்தன.

அவற்றுள் இன்றும் பேசப்படுவது இங்கிலாந்தின் நாய்க் கண்காட்சி வழக்கு. கண்காட்சியை நடத்திய சங்கம், அங்கே படமெடுக்கும் தனியுரிமையை ஒரு செய்திப்பட நிறுவனத்துக்கு விற்றிருந்தது. வேறொரு கலைஞரும் உள்ளே சென்று படமெடுத்தார். அவற்றை 'அவர் டாக்ஸ்' என்ற இதழ் வெளியிட்டது. தனியுரிமை வாங்கிய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1916-இல் நீதிபதி ஹாரிட்ஜ் அளித்த தீர்ப்பை 1917-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஒரு காட்சியைப் படமெடுக்கும் உரிமை என்று ஒரு சொத்து சட்டத்தில் இல்லை. ஆகவே அதை விற்கவும் இயலாது என்பது தீர்ப்பின் சாரம். நடத்துநர்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான். படமெடுக்கக் கூடாது என்பதை நுழைவின் நிபந்தனையாக்கியிருக்கலாம். அதை மீறியவர்மீது ஒப்பந்த மீறலுக்காக வழக்குத் தொடுக்கலாம். இடத்தின் உடைமை, அங்கே தெரியும் காட்சியின் உடைமை ஆகிவிடாது என்ற வேறுபாடு இவ்வழக்கில் தெளிவாக வரையப்பட்டது.

இந்தியச் சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இங்கு நடைமுறைக்கு வந்தது. அதன்படி, படத்தின் எதிர்மறைத் தகடு எவருக்குச் சொந்தமோ அவரே படத்தின் ஆசிரியராகக் கருதப்பட்டார். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதை மாற்றி, படமெடுத்தவரே ஆசிரியர் என்று வரையறுத்தது. கட்டணம் தந்து எடுப்பித்த படம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் படமெடுக்கப்பட்ட நிலம் என்னுடையது என்பதால் மட்டும் எவருக்கும் படத்தில் பங்கு கிடைப்பதில்லை.

அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு மேலும் ஒரு படி செல்கிறது. கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. சிற்பங்களைப் பொறுத்தவரை, 1911-ஆம் ஆண்டுச் சட்டம் "பொதுவிடத்திலோ பொதுக் கட்டடத்திலோ" நிலையாக இருப்பவை என்ற பொருளில் பேசியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டமோ பொதுவிடத்தோடு, பொதுமக்கள் செல்லக்கூடிய எந்த வளாகத்தையும் சேர்த்துக்கொண்டது. உடைமை யாருடையது என்று பார்க்காமல், மக்கள் உள்ளே செல்ல முடிகிறதா என்று பார்க்கும் சொல்லாட்சி இது. விடுதியின் முற்றத்திலும் வணிக வளாகத்தின் நடுக்கூடத்திலும் நிலையாக நிற்கும் சிற்பத்துக்கும் இது பொருந்தும். ஓவியங்களுக்கு இச்சலுகை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆயினும் தனிப்பட்ட பயனுக்கும் ஆராய்ச்சிக்குமான நியாயமான பயன்பாட்டை அதே பிரிவு தனியே காக்கிறது.

அப்படியானால் உரிமையாளரிடம் எஞ்சுவது என்ன? வாயில். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்த சட்டம், பிறர் நிலத்தில் நுழைந்து ஒன்றைச் செய்வதற்கான அனுமதியை 'உரிமம்' என்று வரையறுக்கிறது. வணிக வளாகத்துக்குள் நாம் நடப்பது இத்தகைய உரிமத்தின்பேரில்தான். அதை உரிமையாளர் திரும்பப் பெறலாம். படமெடுக்காதே என்று நிபந்தனை விதிக்கலாம். மீறினால் வெளியேறச் சொல்லலாம். ஆனால் 63-ஆம் பிரிவின்படி, வெளியேற நியாயமான கால அவகாசம் நமக்கு உண்டு. உரிமம் நீங்கினால் நாம் வெளியே போக வேண்டும். அதற்குமுன் சேர்ந்த படங்கள் உரிமையாளருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கைபேசியைப் பறிக்கவோ அழிக்கும்படி வற்புறுத்தவோ தனியார் காவலாளிக்கு எந்த அதிகாரமும் இல்லை. பொருளைக் கைப்பற்றும் அதிகாரம் காவல்துறைக்கே உரியது. அதுவும் சட்டம் வகுத்த சூழல்களில் மட்டும்.

2017-இல் மும்பையின் தாஜ்மகால் அரண்மனை விடுதி, 1903-இல் திறக்கப்பட்ட தன் கட்டடத்தின் தோற்றத்தை வணிகக் குறியாகப் பதிவுசெய்தது. இந்தியாவில் ஒரு கட்டடம் அவ்வாறு பதிவானது அதுவே முதன்முறை. கட்டடத்தைப் படமெடுக்கவே இனித் தடை என்று பலர் புரிந்துகொண்டனர். வணிகக் குறிச் சட்டம் தடுப்பது, அத்தோற்றத்தைப் பிறர் தம் வணிகத்தின் அடையாளமாகப் பயன்படுத்துவதை. கேட்வே முன்றிலில் நின்று படமெடுக்கும் பயணியை அது தொடுவதில்லை.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வளாகத்தில் இருப்பவை சுவர்களும் பலகைகளும் மட்டுமல்ல, மனிதர்களும் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. அவ்வுரிமை மனிதருக்கு உரியது, சுவருக்கு உரியதன்று. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவாகத் தொடரும் விதி, பெண்ணை அவரது அந்தரங்கச் சூழலில் பார்ப்பதையும் படமெடுப்பதையும் குற்றமாக்குகிறது. உடைமாற்றும் அறையில் கருவி பொருத்தும் கடை உரிமையாளருக்கும் அது பொருந்தும். தன் சொந்த இடம் என்பது அங்கே அவரைக் காக்காது.

ஆக, இடம், படம், படத்தில் உள்ள மனிதர் என்று மூன்றுக்கும் மூன்று தனித்தனி உரிமைகள் உள்ளன. வாயிற்பலகை இவை மூன்றையும் வினைமுதல் இல்லாத ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகிறது. அந்தக் கலப்பின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் இருவர். ஒருவர், என்னைப் போன்ற கள ஆய்வாளர். இன்னொருவர், ஒப்பந்தக் கூலியில் வேலைசெய்யும் அக்காவலாளி. எந்தச் சட்டத்தின்பேரில் தடுக்கிறோம் என்று அவருக்கு எவரும் சொல்லித்தந்ததில்லை. அவரோடு வாதிடுவதில் எனக்கு விருப்பமில்லை.

அடுத்த முறை முன்கூட்டியே எழுத்துவடிவில் அனுமதி கேட்பேன். மனிதர்களின் முகம் விழாமல் எடுப்பேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். வெளியேறச் சொன்னால் வெளியேறுவேன். எடுத்தவற்றை மட்டும் அழிக்க மாட்டேன். அந்த நாற்பது பலகைகளுள் சில அதற்குள் மாற்றப்பட்டிருக்கலாம். அவற்றில் எந்த மொழி மேலே இருந்தது என்பதற்கு இனி என் நினைவைத் தவிர வேறு சான்று இல்லை. ஆய்வேட்டில் நினைவைச் சான்றாகக் காட்ட முடியாது.

கள ஆய்வில் இத்தகைய தடையைச் சந்தித்த நண்பர்கள், அப்பலகையில் என்ன எழுதியிருந்தது, எந்தச் சட்டமேனும் குறிப்பிடப்பட்டிருந்ததா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.