திருவண்ணாமலை மாவட்ட மலையேற்றம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் மலையேறுவோர் நாடும் மலைகள் மூன்று: நகரை ஒட்டி 2,668 அடி உயரத்தில் நிற்கும் அண்ணாமலை, கலசபாக்கம் வட்டாரத்துப் பர்வதமலை, மேற்கே விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலைத்தொடர்.

இவ்வட்டார மலைவழிகளைச் சொல்லும் மிகப் பழைய நூல், பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். ஆற்றுப்படை என்று வகைசொல்லி நிறுத்திவிடுவதைக் காட்டிலும், மலைப்பயணக் கையேடாகப் படிக்கும்போதே இதன் அருமை விளங்கும். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருப்பதால் விடிந்த பிறகே நடக்க வேண்டும். பாம்பு மறைந்திருக்கும் குழிகளைப் பார்த்து விலக வேண்டும். தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வரும் இடத்தில் மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்ல வேண்டும். முதலை கிடக்கும் குளக்கரையில் கால் வழுக்கும். அங்கே கொடிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர்களுக்காகத் தரையைத் துடைத்துப் புல்லை முடிந்துவைக்க வேண்டும் என்றும் புலவர் சொல்கிறார். இப்பாட்டில் வரும் நவிரமலை பர்வதமலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பிற்காலத்தில் மலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் அடியார்களும் துறவிகளும். குகை நமசிவாயர், விருபாட்சி தேவர் போன்றோர் தங்கிய குகைகள் அண்ணாமலையின் கிழக்குச் சரிவில் உள்ளன. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் 1899 முதல் 1916 வரை விருபாட்சி குகையிலும், அதற்குப் பின் 1922 வரை சற்று மேலே கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அந்த இடத்தைச் சீர்படுத்திக் கட்டிய தொண்டர் கந்தசாமியின் பெயரே ஆசிரமத்துக்கு அமைந்தது. பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட பயணநூல் ரமணரை மேலைநாட்டு வாசகரிடம் கொண்டுசேர்த்தது. வெளிநாட்டார் வருகை பெருகியது. அவர்களில் பலருக்கு உச்சிவரை ஏறுவதும், மலையடிக் காட்டுக்குள் செல்லும் உள்வழிப் பாதையில் சுற்றுவதும் பழக்கமாயின. உள்ளூர்க்காரர்கள் மலையை ஏறியதைவிடச் சுற்றியதே அதிகம். எட்டு லிங்கங்களைத் தரிசித்தபடி நடக்கும் கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது.

உச்சிக்குக் கூட்டம் ஏறியது கார்த்திகைத் தீபத்துக்காகத்தான். கொப்பரை, நெய், காடாத் துணியால் ஆன திரி எல்லாம் மனிதர்களின் தோளிலேயே மலையேறுகின்றன. தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. மாலை 6 மணிக்கு ஏற்றப்படும் சுடர் 11 நாள் எரியும்.

பர்வதமலை வேறு வகை. சுமார் 4,500 அடி உயரமுள்ள இதன் உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை கோயில் இருக்கிறது. தென்மகாதேவமங்கலத்திலிருந்தும் கடலாடியிலிருந்தும் ஏறலாம். மேல்பகுதியில் செங்குத்துப் பாறை. அதில் அறைந்த கடப்பாரைகளையும் சங்கிலிகளையும் பிடித்துத்தான் போக வேண்டும். பௌர்ணமி இரவுகளில் முதியவர்கள்கூட அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். சாகச விளையாட்டு என்ற சொல் வருவதற்கு முன்பே சாகசம் இங்கே வேண்டுதலாக இருந்துவந்திருக்கிறது.

இன்றைய கட்டுப்பாடுகள் உயிரிழப்புகளுக்குப் பின் வந்தவை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களில் 23 பேரைப் பலிகொண்டது. அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்து, வனத்துறை அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழிகளுடன் அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. அண்ணாமலையின் நிலை வேறு. கோடையில் எலுமிச்சைப் புல் காய்ந்து தீப்பிடிப்பது இங்கே பழைய தொல்லை. தன்னார்வலர்கள் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும் மரம் நட்டும் சரிவுகளை மீட்டுவருகின்றனர். வனத்துறை உள்வழிப் பாதையை மூடியது. அனுமதியின்றி உச்சிக்கு ஏறுவதையும் தடுத்தது. தீபத்தன்று மட்டும் அனுமதிச் சீட்டுடன் 2,500 பேர் வரை விடப்பட்டனர்.

அதுவும் நின்றது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் விழுந்ததில், ஐந்து குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆய்ந்த பின், டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் சுமந்தவர்களும் உடன்சென்ற பணியாளர்களும் மட்டும் உச்சிக்குப் போய்த் தீபத்தை ஏற்றினார்கள்.