ஒலி எந்த மேசையில் கேட்க வேண்டும்?

யூனிக்ஸில் ஒலிச் சாதனமும் ஒரு கோப்பே. 1989இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஸ்பார்க்ஸ்டேஷன் 1 கணினியில் அதன் பெயர் /டெவ்/ஆடியோ. வினாடிக்கு 8000 மாதிரிகள், தொலைபேசித் தரம். தரவை அதற்குள் அனுப்பினால் ஒலிபெருக்கி பேசும். ஒரு கணினிக்கு ஒரு பயனர் என்றிருந்தவரை அப்பெயரை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பதில் தீங்கேதும் தெரியவில்லை.

1999இல் அதே நிறுவனம் சன் ரே என்னும் மேசை முனையத்தைக் கொண்டுவந்தபோது இவ்வழக்கம் இடறியது. பலருடைய நிரல்களும் ஒரே சேவையகத்தில் ஓடின. ஒலியோ அவரவர் மேசையில் கேட்க வேண்டும். /டெவ்/ஆடியோ சுட்டியதோ சேவையகத்தின் சாதனத்தை. ஆகவே ஒவ்வோர் அமர்வுக்கும் தனியே ஒரு போலிச் சாதனம் உருவாக்கப்பட்டு, அதன் இடம் ஆடியோடெவ் என்னும் சூழல் மாறியில் குறிக்கப்பட்டது. சூழல் மாறி என்பது, நிரல் தொடங்கும்போது ஷெல் அதனிடம் கொடுத்தனுப்பும் பெயரும் மதிப்பும். மொழியியலார்க்கு இது சுட்டுச்சொல்லை நினைவூட்டும்: ‘இங்கே’ என்பதன் பொருள் சொல்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

இக்கருவி சன் ரேயைவிட இருபது ஆண்டுகள் மூத்தது. 1979இல் பெல் ஆய்வகத்தின் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுடன் வந்தது. அதிலிருந்த ஸ்டீபன் பார்னின் ஷெல்லில் மதிப்பைக் குறித்தபின் ‘எக்ஸ்போர்ட்’ என்றும் சொல்ல வேண்டும். மறந்தால் பிழைச்செய்திகூட வராது. மதிப்பு ஷெல்லுக்குள்ளேயே தங்கிவிடும். பெர்க்கிலியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் ‘செட்டென்வ்’ என்ற ஒரே கட்டளை போதும். ஆனால் சமக்குறி கூடாது. இரு வட்டார வழக்குகள் எனலாம். இலக்கணம் மட்டும் ஒன்று: தாய் நிரல் தன்னிடமுள்ளதன் படியைச் சேய்க்குத் தருகிறது; சேய் அதை மாற்றினாலும் தாயைத் தொடாது. ஒருவருடைய அமைப்பு அடுத்தவர் ஒலியைக் கலைக்காததற்கும், நிர்வாகியின் அனுமதியின்றி எவரும் தம் ஒலியைத் தாமே திருப்பிக்கொள்ள முடிந்ததற்கும் இதுவே காரணம்.

ஆடியோடெவ்வை அறியாத பழைய நிரல்களை என்செய்வது? சன் கண்ட வழி சுவையானது. எல்டி_ப்ரீலோட் என்னும் இன்னொரு சூழல் மாறியால் ஒரு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றி, நிரல் /டெவ்/ஆடியோவைத் திறக்கும்போதெல்லாம் ஆடியோடெவ் காட்டும் இடத்துக்குத் திருப்பினார்கள். நிரலுக்கு அது தெரியவே தெரியாது.

சன் ரே இன்று விற்பனையில் இல்லை. லினக்ஸில் பல்ஸ்ஆடியோவின் பல்ஸ்_சர்வர், அனுமதி இருந்தால், அடுத்த அறைக் கணினியில் பாட்டை ஒலிக்கச் செய்கிறது. சாக்ஸ் நிரலின் ‘ப்ளே’ கட்டளையோ ஆடியோடெவ்வை அதே பெயரில் இன்னும் படிக்கிறது.