குழிப்பந்தாட்டத்தில் பட்டிங்: குறியும் வேகமும்

குழிப்பந்தாட்டம் எனப்படும் கோல்ஃபில், பந்து குழியை நெருங்கியபின் அதைத் தரையோடு தரையாக உருட்டிக் குழிக்குள் விழச் செய்யும் அடிக்குப் பட்டிங் என்று பெயர். குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டப்பட்ட புல்தளத்தைக் கிரீன் என்பர். 18 குழிகள் கொண்ட மைதானத்தில் பெரும்பாலும் 72 அடிகள் இலக்காக வைக்கப்படுகின்றன. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் பட்டிங்கிற்கு என்றே கணக்கிடப்படுகின்றன. அதாவது ஆட்டத்தின் சரிபாதி. இருந்தும் புதிதாகப் பழகுபவர்கள் பந்தை வெகுதூரம் பறக்கவிடுவதில் செலவிடும் நேரத்தில் கால்பங்கைக்கூட இதற்குக் கொடுப்பதில்லை.

பட்டிங்கில் இரண்டே கேள்விகள் உண்டு. பந்து எந்தத் திசையில் கிளம்ப வேண்டும்? எவ்வளவு வேகத்தில் கிளம்ப வேண்டும்? கோலிக்குண்டு விளையாடிய எவருக்கும் இது தெரிந்ததுதான். இவ்விரண்டில் திசைக்கான கருவிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெருகிவந்தன. வேகத்தை அளக்க ஒரு கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வருவதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குழியின் அளவு

தொடக்க காலத்தில் குழிக்கு நிலையான அளவு இல்லை. ஊருக்கு ஊர் மாறியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் 1891இல் அதன் விட்டத்தை நாலேகால் அங்குலம் என்று விதித்தது. இன்றைய கணக்கில் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆக, குழியின் குறுக்கே இரண்டரைப் பந்துகளை வரிசையாக வைக்கலாம்.

இந்த அளவு எவ்வளவு கறாரானது என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். பந்து குழியிலிருந்து 10 அடி தொலைவில் சமதரையில் இருக்கிறது. அது கிளம்பும் திசை ஒரே ஒரு பாகை விலகினால், குழியருகே வரும்போது நடுவிலிருந்து ஏறக்குறைய 5.3 செ.மீ. விலகியிருக்கும். குழியின் ஆரம் 5.4 செ.மீ. விளிம்பில் தொற்றிக்கொண்டு, மெல்ல வந்தால் விழலாம். அதே பிழை 20 அடியில் 10.6 செ.மீ. ஆகிவிடும். பந்து குழியைத் தொடாமலே போய்விடும். பாகைமானியில் ஒரு பாகை என்பது எவ்வளவு சிறிய கோடு என்பதை மாணவர்கள் அறிவார்கள்.

பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பதே. கை போகும் பாதைக்கு அதில் பங்கு குறைவு. பாதங்களையும் தோள்களையும் நேராக வைத்துவிட்டு மட்டையின் முகத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் பழகுநர்கள் அதிகம் செய்யும் தவறு.

மட்டைகளின் வழக்கு

திசைப் பிழையைக் குறைக்க மட்டையை மாற்றிப் பார்த்தவர்கள் பலர். அமெரிக்காவின் ஸ்கெனக்டடி நகரத்தைச் சேர்ந்த ஆர்தர் நைட், கைப்பிடித் தண்டு தலையின் ஓரத்தில் இல்லாமல் நடுவை ஒட்டி இணையும் ஒரு மட்டையை உருவாக்கினார். வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்கர் அதைக் கொண்டு 1904இல் பிரிட்டனின் அமெச்சூர் பட்டத்தை வென்றார். பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1910இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அத்தகைய மட்டைகளைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1950களின் தொடக்கத்தில். ஒரு வெற்றி ஒரு கருவியைச் சட்டவிரோதமாக்கியது விளையாட்டு வரலாற்றில் அரிதன்று என்றாலும், இங்கே சற்று அப்பட்டமாகவே நடந்தது.

பின்னர் சாம் ஸ்னீட், முதுமையில் கை நடுக்கத்தால் அவதிப்பட்டபோது, கோட்டின் இருபுறமும் கால்களை வைத்துக்கொண்டு குழியை நேராகப் பார்த்து அடித்தார். 1968இல் அம்முறை தடைசெய்யப்பட்டது. மட்டையின் பிடியை வயிற்றிலோ நெஞ்சிலோ ஊன்றி அடிப்பது 2016 முதல் தடை.

தடைபடாமல் நிலைத்த மாற்றம் ஒன்று உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1959இல் மட்டைத்தலையின் எடையை இரு முனைகளுக்கும் பகிர்ந்து வைத்தார். பந்து முகத்தின் நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது. பந்தைத் தொட்டபோது எழுந்த 'பிங்' என்ற ஓசையே அதன் பெயராயிற்று. இன்று கடைகளில் உள்ள பட்டிங் மட்டைகளில் பெரும்பாலானவை இந்தக் கருத்தின் வழிவந்தவை.

வேகத்தை அளந்தவர்

1935இல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் தேசியப் போட்டி நடந்தது. ஜீன் சாரசன் அடித்த பந்து கிரீனில் நிற்காமல் வழுக்கி வெளியே ஓடுவதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற ஆட்டக்காரர் பார்த்தார். தளம் அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அதை எண்ணால் நிறுவ வழியில்லை. எனவே ஒரு பலகையில் பள்ளம் செதுக்கி, அதன் வழியே பந்தை உருட்டி, சமதளத்தில் அது எத்தனை அடி ஓடுகிறது என்று அளந்தார். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்துக்கு மாற்றி 1978இல் மைதானக் காப்பாளர்களுக்கு வழங்கியது. இதுவே ஸ்டிம்ப்மீட்டர்.

கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளிது. ஒரு கெஜ நீளக் கம்பி, அதில் இரு சரிவுகள் சந்திக்கும் ஒரு நீள வாய்க்கால் போதும். மேல்முனைக்கு அருகில் பந்து உட்காரும் ஒரு குழிவு. முனையை மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகையில் பந்து தானே நழுவி உருளும். யார் செய்தாலும் ஒரே வேகம். ஒரு திசையில் சில முறை, எதிர்த்திசையில் சில முறை உருட்டிச் சராசரி எடுத்தால் சரிவின் தாக்கம் கழிந்துவிடும். துவாக்குடி தொழிற்பேட்டையின் பட்டறைகளில் இதைச் செய்ய அதிக நேரம் பிடிக்காது.

குழிக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் 1991இல் கணக்கிட்டு வெளியிட்டார். குழியின் நடுவை நோக்கி வரும் பந்து நொடிக்கு 1.63 மீட்டருக்கு மேல் வேகமாக வந்தால் விழாது, தாண்டிவிடும். ஸ்டிம்ப்மீட்டரில் 10 அடி காட்டும் தளத்தில், குழி இல்லாவிட்டால் மேலும் 8 அடி ஓடக்கூடிய வேகம் அது. நடுவிலிருந்து விலகி வரும் பந்துக்கு இன்னும் குறைந்த வேகமே அனுமதி. வேகமாக வரும் பந்துக்குக் குழி சுருங்குகிறது. மெல்ல வரும் பந்துக்கு முழு அகலமும் திறந்திருக்கிறது. நாசாவில் பணியாற்றிப் பின் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ், தவறினால் குழியைத் தாண்டி ஏறக்குறைய 17 அங்குலத்தில் நிற்கும் வேகமே சிறந்தது என்று தம் சோதனைகளிலிருந்து சொன்னார்.

சரிவான தளத்தில் திசையும் வேகமும் தனித்தனியே நிற்பதில்லை. மெல்ல அடித்தால் பந்து அதிகம் வளையும்; வேகமாக அடித்தால் குறைவாக வளையும். எனவே வேகத்தை முடிவுசெய்யாமல் எங்கே குறிவைப்பது என்று முடிவுசெய்ய முடியாது.

இந்தியத் தரை

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கழகம் கல்கத்தாவில் 1829இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் கோல்ஃப் கழகம் 1895இல் அமைந்தது. உதகை, வெலிங்டன், சென்னையில் கிண்டி, நந்தனம் ஆகிய இடங்களிலும் மைதானங்கள் உருவாயின. மலையில் மழையும் குளிரும் புல்லைக் காத்தன. சமவெளியில் கோடைக்குத் தாங்கும் மெல்லிய புல்தளத்தை வளர்க்கத் தண்ணீரும் ஆளும் பணமும் வேண்டும். ஆகவே இந்தியாவின் பல மைதானங்களில் குழியைச் சுற்றிப் புல்லே இல்லை. மணலில் எண்ணெய் கலந்து உருளையால் அழுத்திய தளம் இருந்தது. நிறத்தை வைத்து அதைப் பிரவுன் என்றார்கள். தேயிலைத் தோட்டங்களிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் அத்தகைய தளங்கள் நெடுங்காலம் நீடித்தன.

பிரவுனில் ஆடுவது தனி அனுபவம். காலடித் தடம் பதியும். அடிப்பதற்கு முன் கோணிச்சாக்கையோ தட்டியையோ இழுத்துத் தடத்தைச் சமன்செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் பெரும்பாலும் பை சுமக்கும் கேடி. (தமிழில் இச்சொல்லுக்குள்ள வேறு பொருளை இங்கே மறந்துவிட வேண்டும்.) தளம் ஏறக்குறைய சமமாக இருந்ததால் பந்து அதிகம் வளையாது. மட்டையின் முகத்தை நேராக வைக்க அது நல்ல பள்ளிக்கூடம். வளைவைப் படிக்கவும், காலையில் ஈரத்தோடும் மதியம் உலர்ந்தும் மாறும் வேகத்தைக் கணிக்கவும் அது கற்றுத்தரவில்லை.

புல்தளங்கள் வந்தபோது சமவெளியில் வளர்ந்தது பெர்முடா இனம். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லின் உறவுதான். அருகு ஒரு திசையில் படுத்து வளரும். புல் படுத்த திசையில் பந்து விரைந்து ஓடும். எதிர்த்தால் சீக்கிரம் நின்றுவிடும். ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் கருத்தும் தெரிவதைக் கொண்டு இதைக் கண்டுகொள்ளலாம். தினமும் தளத்தின்மேல் நடந்த கேடிகளுக்கும் புல் வெட்டிய பணியாளர்களுக்கும் இந்த அறிவு தானாக வந்தது. 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், தில்லியில் கேடியாக இருந்தவர். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் தந்தை கல்கத்தா கழகத்தில் கிரீன் பராமரிப்பாளர். 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளும் இந்திய ஓப்பனை வென்ற அவருக்கு, குழியருகே காட்டும் திறமையால் 'சிப்பட்சியா' என்று செல்லப்பெயர் ஏற்பட்டது. கழகங்களில் உறுப்பினராகும் வசதி இல்லாதவர்கள் அந்தத் தளங்களை உறுப்பினர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது இந்தியக் கோல்ஃப் வரலாற்றில் போதுமான அளவு எழுதப்படவில்லை.

பயிற்சி முறை

திசைக்கு: தரையில் ஒரு சரடைக் கட்டி, அதன் கீழ் பந்தை வைத்து, மட்டையின் முகம் சரடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து அடிப்பது. ஐந்து அடிக்கு மேல் தேவையில்லை. பந்தின்மேல் வரைந்த கோட்டை இலக்கை நோக்கி வைத்தால், நேராக உருளும்போது கோடு அலையாமல் தெரியும்.

வேகத்துக்கு: குழியே வேண்டாம். 10, 20, 30 அடி தொலைவில் அடையாளம் வைத்து, ஒவ்வொன்றிலும் பந்து நிற்கும்படி மாறிமாறி அடிக்க வேண்டும். ஒரே தொலைவைத் திரும்பத் திரும்ப அடித்தால் கை பழகும், கண் பழகாது. வேகத்தை மணிக்கட்டின் வெட்டால் கூட்டாமல், மட்டை பின்னே போகும் தூரத்தால் கூட்ட வேண்டும். புதிய மைதானத்தில் முதல் பத்து நிமிடத்தை இதற்கே ஒதுக்குவது நல்லது.

டோக்கியோ, 2021

பெங்களூரில் 1998இல் பிறந்த அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். பந்தை வெகுதூரம் அடிப்பவர் அல்லர். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முன் கொரோனா தொற்றால் வலு மேலும் குறைந்திருந்தது. உலகத் தரவரிசையில் 200ஆம் இடம். கசுமிகசேகி மைதானத்தில் நான்கு நாள்களும் 67, 66, 68, 68 என்று அவர் ஆடியதற்குக் காரணம் பட்டிங். மற்றவர்கள் குழியருகே பந்தைக் கொண்டுவந்து வைத்த இடங்களில், அவர் தொலைவிலிருந்து உருட்டிச் சமன்செய்தார். அவருக்குக் கேடியாகப் பை சுமந்தவர் அவருடைய தாய்.

மூன்றாம் நாள் முடிவில் அவர் தனியாக இரண்டாமிடத்தில் இருந்தார். ஆகஸ்ட் 7ஆம் நாள், கோல்ஃப் பற்றி அதுவரை எதுவும் அறியாத பல இந்திய வீடுகளில் அதிகாலையிலேயே தொலைக்காட்சி ஓடியது. கடைசிக் குழியில் நீண்ட தொலைவிலிருந்து ஓர் அடி மிச்சமிருந்தது. அது விழுந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கும். விழவில்லை. அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 அடி குறைவாக முடித்துத் தங்கம் வென்றார். ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் 16. அதிதி 15, நான்காம் இடம்.