வரிசைக்கு வர இயலாதவர்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. மேற்கே மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும், கிழக்கே ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கம் முந்திரியும், தெற்கே கொள்ளிடக் கரையில் நெல்லும் விளைகின்றன. இடையிடையே சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் உள்ளன. இம்மண்ணின் இளையோர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்ல, வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் முதியோர். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டு வலி, கண்புரை என ஒவ்வொருவருக்கும் ஒரு துன்பம். நியாயவிலைக் கடையில் அரிசி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அரிசிக்கும் அவர்களது அடுப்புக்கும் இடையே ஒரு கல் தொலைவு வெயிலும், ஒரு மணி நேர வரிசையும் குறுக்கே நிற்கின்றன.

வரிசைக்கு வர இயலாதவருக்கு உணவு எவ்வாறு போய்ச் சேரும்? இக்கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. திருச்சபை பிறந்த நாள் முதலாய் அதனோடு வளர்ந்துவரும் கேள்வி இது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நம் பங்குகளுக்குப் பயன் தரும்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் தொடக்கத் திருச்சபையின் முதல் முணுமுணுப்பு பதிவாகியுள்ளது. அது கோட்பாட்டைப் பற்றி எழுந்ததன்று. உணவுப் பங்கீட்டைப் பற்றியது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. யாரும் அவர்களை வேண்டுமென்றே விலக்கியதாக நூல் கூறவில்லை. பங்கிட்டவர்களின் கண்களுக்கு அவர்கள் தென்படவில்லை, அவ்வளவே. திருத்தூதர்கள் அதற்குக் கண்ட தீர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா என ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பிரிவினர் விடுபட்டார்களோ, அந்தப் பிரிவினரின் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்தார்கள் என்றே விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

ஒரு தலைமுறை கழிந்ததும் அந்தப் பணி பட்டியலாக உருப்பெறுகிறது. அறுபது வயதுக்குக் குறையாத கைம்பெண்களைப் பதிவு செய்யவேண்டும் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் (5:9) நெறி வகுக்கிறது. உறவினர் உள்ளவரை உறவினரே பேணட்டும். ஆதரவற்றோரைத் திருச்சபை தாங்கட்டும் என்பதும் அதே அதிகாரத்தின் கருத்து. கி.பி. 251-ஆம் ஆண்டளவில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய மடல் ஒன்றைச் செசரியா ஆயர் யூசேபியு தம் வரலாற்று நூலில் காத்து வைத்துள்ளார். உரோமைத் திருச்சபை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைம்பெண்களையும் துன்புறுவோரையும் பேணி வந்ததாக அம்மடல் கணக்குக் கூறுகிறது. அதுவோ மறைக்கலாபனைகளின் காலம்! எழுந்து நின்ற பேராலயங்கள் இல்லை. ஆயினும் ஏழையரின் பட்டியல் இருந்தது.

590 முதல் 604 வரை திருச்சபையை ஆண்ட திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் இதனை மேலும் ஒழுங்குபடுத்தினார். ஒன்பதாம் நூற்றாண்டில் அவரது வரலாற்றை எழுதிய திருத்தொண்டர் யோவான், உதவி பெற்றோரின் பெயர், வயது முதலியன எழுதப்பட்ட பெரிய ஏடு ஒன்று தம் காலத்திலும் இலாத்தரன் மாளிகையில் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளில் தானியம், திராட்சை இரசம், பாலாடைக்கட்டி, காய்கறி, மீன், எண்ணெய் எனப் பருவத்திற்கேற்ற மளிகை வழங்கப்பட்டது. இது வர இயன்றவர்களுக்கு. வர இயலாத நோயாளருக்கோ, சமைத்த உணவு நாள்தோறும் தெருத் தெருவாக ஆள்கள் மூலம் அனுப்பப்பட்டது. நடக்கக்கூடியவருக்கு ஒரு முறை, படுத்திருப்பவருக்கு ஒரு முறை என்ற இந்த வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். ஒருமுறை ஏழை ஒருவர் இறந்து கிடக்கக் கண்டபோது, அந்தக் குற்றம் தம்முடையதே எனக் கருதிச் சில நாள்கள் திருப்பலி நிறைவேற்றாதிருந்தார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 1617 ஆகஸ்டில், பிரான்சு நாட்டில் சாத்தியோன் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாக இருந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்கு ஆயத்தமாகும் வேளையில், ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் முழுவதும் நோயுற்றுக் கிடப்பதாகவும் உதவ ஒருவரும் இல்லை என்றும் அவருக்குச் சொன்னார்கள். மறையுரையில் அதனை எடுத்துரைத்தார். பிற்பகலில் அவர் அவ்வீடு நோக்கி நடந்தபோது, வழியெங்கும் உணவோடு போவோரும் வருவோருமாக மக்கள் திரண்டிருக்கக் கண்டார். வேறொருவராயின் மனம் குளிர்ந்து திரும்பியிருப்பார். வின்சென்டோ கவலை கொண்டார். இன்று குவியும் உணவு நாளை கெட்டுப்போகும். மறுநாள் அக்குடும்பம் முன்போலவே பட்டினி கிடக்கும். அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குக்கே குறைவு என்பதை உணர்ந்தார். சில நாள்களுக்குள், ஆகஸ்ட் 23 அன்று, அவ்வூர்ப் பெண்களைக் கொண்டு ஓர் அன்புப்பணிக் குழுவைத் தொடங்கினார். முறை வைத்து நாளுக்கு ஒருவராக அவர்கள் நோயாளரைப் பேணினர்.

அக்குழுவுக்கு அவர் வகுத்த ஒழுங்குகளைப் படிக்கும்போது, ஒரு சமையற்கட்டின் மணம் வீசுகிறது. ஓரளவு உண்ணக்கூடியவருக்கு ரொட்டியும் இறைச்சியும். கெட்டி உணவு கொள்ள இயலாதவருக்கு வடிசாறும் புது முட்டையும் எனப் பத்தியம் பிரித்துக் கூறப்பட்டுள்ளது. அவற்றுள் ஒரு நெறி தனிச்சிறப்புடையது. துணைக்கு ஆள் உள்ள நோயாளரின் வீட்டிலிருந்து தொடங்கித் தனித்திருப்பவரிடம் இறுதியில் செல்லவேண்டும். ஏனெனில் இறுதி வீட்டில்தான் நெடுநேரம் அமர்ந்திருக்க முடியும்! உணவு எல்லாருக்கும், நேரம் தனித்திருப்பவருக்கு. இதனினும் நுட்பமான அன்பின் கணக்கை எங்கே காண்போம்?

இவ்வித்தே 1833-இல் பாரிசு நகரில் மீண்டும் முளைத்தது. இருபதே வயதான பிரெடெரிக் ஓசானாம் தம் தோழர் சிலரோடு தொடங்கிய குழு, வின்சென்ட் தே பவுல் சபையாக வளர்ந்தது. எந்த வீட்டுக்குப் போவது என்று அம்மாணவர்களுக்கு வழிகாட்டியவர் அருள்சகோதரி ரோசலி ரெந்து. ஏழையைத் தம்மிடம் வரச்செய்யாமல் ஏழையின் வீட்டுக்குத் தாம் செல்வதே இச்சபையின் உயிர்மூச்சு. ஓசானாம் 1997-இலும் ரோசலி 2003-இலும் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டனர்.

நம் மண்ணிலும் இந்த நடைக்கு வரலாறு உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியை மையமாகக் கொண்டு உழைத்த வீரமாமுனிவர், அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல அன்னையின் நிழலாக்கினார். குருக்கள் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில், சிதறிக் கிடந்த ஊர்களின் நோயாளரை நாடிச் சென்றவர்கள் வேதியர்கள். அவர்களுக்கென்றே முனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். 1899-இல் குடந்தை மறைமாவட்டம் உருவாகு முன்னரே, வீடு தேடிச் செல்லும் பணி இங்கே வேரூன்றியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறியது. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பொதுச்சட்டம் 480-இன் வழியாகக் கோதுமையும் பால்பவுடரும் கத்தோலிக்க நிவாரண அமைப்பின் மூலம் நாட்டின் பல மறைமாவட்டங்களுக்கு வந்தன. பஞ்ச காலத்தில் அவை பலரின் பசி தீர்த்தன, நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆயினும் முற்றத்தில் நடைபெறும் எந்த வழங்கலுக்கும் ஒரு குறையுண்டு. அது கால் வலுவுள்ளவரையே முதலில் சென்றடையும்.

அரசும் படிப்படியாக இப்பொறுப்பை ஏற்றது. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் தமிழகத்தில் 1962-இல் தொடங்கியது. அது 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. சத்துணவு மையங்களில் முதியோரும் உண்ண 1983-இல் வழி பிறந்தது. ஓய்வூதியம் கிடைக்காத முதியோருக்கு மாதம் 10 கிலோ தானியம் இலவசமாக வழங்கும் அன்னபூர்ணா திட்டத்தை நடுவண் அரசு 2000-இல் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 12 அன்று, எழுபது வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குடிமைப் பொருள்களை வீட்டிலேயே வழங்கும் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 21 இலட்சம் பேரை எண்ணி வகுக்கப்பட்ட திட்டம் அது. கிரகோரியாரின் ஆள்கள் உரோமைத் தெருக்களில் செய்ததை ஓர் அரசு வண்டியேற்றிச் செய்யத் துணிந்ததைத் திருச்சபை மகிழ்வோடு வரவேற்க வேண்டும்.

அப்படியானால், மாதந்தோறும் மளிகைப் பை வழங்கும் பங்குகளுக்கும் அன்பியங்களுக்கும் எஞ்சிய வேலை என்ன? மூன்று வேலைகள் எஞ்சியுள்ளன.

முதலாவது, பட்டியல். குடும்ப அட்டையில் பெயர் நீங்கியவர், மகனின் அட்டையில் பெயர் இருந்தும் மகனோடு வாழாதவர், உழைத்துத் தேய்ந்த விரலால் கைரேகை பதியாதவர் ஆகியோரை அரசின் ஏடு எளிதில் காணாது, அயல்வீட்டார் காண்பர். நம் பட்டியலைக் கையில் எடுத்து, எந்தத் தெருவின் பெயர்கள் இதில் இல்லை என்று கேட்போம். ஊர்த் தெரு நிறைந்து, காலனித் தெரு வெறுமையாயிருந்தால், எருசலேமின் முணுமுணுப்பு இங்கும் எழுகிறது என்றே பொருள். அந்தத் தெருவினரையே பங்கீட்டுக் குழுவில் அமர்த்துவதுதான் திருத்தூதர் காட்டிய வழி. பசித்தவரின் சமயத்தையும் அப்பட்டியல் கேட்கலாகாது.

இரண்டாவது, பையின் உள்ளடக்கம். சர்க்கரை நோயுள்ள ஒருவருக்குப் பத்துக் கிலோ வெள்ளை அரிசியும் சீனியும் கொடுத்து அனுப்புவது அன்பு நிறைந்த தீங்கு. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு ஊறுகாயும் அப்பளமும் அத்தகையவே. அரிசியைக் குறைத்துப் பாசிப்பயறு, கொள்ளு, துவரம்பருப்பு ஆகியவற்றைக் கூட்டலாம். இம்மண் நெடுங்காலம் அறிந்த வரகையும் கேழ்வரகையும் அளவோடு சேர்க்கலாம். சிறுநீரக நோயாளருக்குப் பருப்பும் அளவறிந்தே தரவேண்டும் என்பதால், மருத்துவரையோ கிராமச் செவிலியரையோ கேட்டறிவது நலம். பல்லில்லாதவருக்கு நொய்யும் மாவும் உதவும். வின்சென்ட் பத்தியம் வகுத்தது இதற்காகவே.

மூன்றாவது, இறுதி வீடு. மூட்டையை வண்டி கொண்டுவரும். கையொப்பமோ கைரேகையோ பெற்றுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகும். போகத்தான் வேண்டும், அதற்கு ஊர் பல உண்டு. ஆனால் கொண்டுவந்த பயறு வேகிறதா, அடுப்பு எரிகிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, நேற்று யாரேனும் பேசினார்களா என்று கேட்கத் திண்ணையில் ஒருவர் அமரவேண்டும். அந்த இருக்கை எந்தத் திட்டத்திலும் ஒதுக்கப்படவில்லை. அது நமக்கே விடப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை பைகளைச் சுமந்து புறப்படும் அன்பர்கள், துணையுள்ளவர் வீட்டிலிருந்து தொடங்கட்டும். தனித்திருக்கும் முதியவரின் வாசலை இறுதிக்கு வைக்கட்டும். அங்கே அவசரமின்றி அமரட்டும்.