நட்சத்திரத்தின் விலை

“மலிவா ஒரு வைல்ட்கார்டு சான்றிதழ் எங்கே கிடைக்கும்?” நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. டாட் இன் முகவரியில் தொழில் தொடங்கியிருப்பார்கள். கடைக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று அதன் முன்னால் ஐந்தாறு கிளைப்பெயர்கள் இருக்கும். ஒரே நட்சத்திரக் குறியில் எல்லாவற்றையும் முடித்துவிடலாமே என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு இத்தனை காலம் எதற்காகக் காசு கொடுத்தோம்?

கணிதத்துக்கு அல்ல. சாவிகளை நம் கணினியே சில நொடிகளில் உருவாக்கிவிடும். “இந்தச் சாவி இந்த முகவரிக்காரருடையது” என்று கையெழுத்துப் போடுவதுதான் சான்றிதழ் நிறுவனத்தின் வேலை. அந்தக் கையெழுத்து செல்ல வேண்டுமானால், நிறுவனத்தின் பெயர் ப்ரௌசர்கள் நம்பும் பட்டியலில் இருக்க வேண்டும். விலை அந்த இடத்துக்குத்தான். 1995ல் தென்னாப்பிரிக்காவில், பெற்றோர் வீட்டு கராஜில் மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய தாட் நிறுவனத்தை 1999ல் வெரிசைன் 57.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2002ல் அவர் சொந்தச் செலவில் விண்வெளிக்கே போய்வந்தார்.

பட்டியலில் இடம் கிடைத்துவிட்டால் எந்த முகவரிக்கும் கையெழுத்திடலாம். சிக்கலே அதுதான். 2011ல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் ஒரு நட்சத்திரச் சான்றிதழை உருவாக்கினார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்களை உளவு பார்க்க அது உதவியது. ப்ரௌசர்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின; சில வாரங்களில் நிறுவனம் திவாலானது.

அடுத்த கதை நம்மூர். 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் கையெழுத்தோடு கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரிந்தது. அரசு முத்திரை இருந்தும் பயனில்லை. இந்தியாவின் தலைமைச் சான்று இனி ஏழு முகவரிகளுக்கும் அவற்றின் கிளைகளுக்கும் மட்டுமே செல்லும் என்று குரோம் வரம்பு போட்டது. கவ்.இன், நிக்.இன், ஏசி.இன் அவற்றில் மூன்று. ஒரு நாட்டின் கையெழுத்து எதுவரை செல்லும் என்பதை ஒரு ப்ரௌசர் தீர்மானித்தது. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. ஆனால் அன்று வேறு வழியும் இருக்கவில்லை.

2018 மார்ச்சில் லெட்ஸ் என்க்ரிப்ட் வைல்ட்கார்டை இலவசமாக்கியது. அவர்கள் தரும் ஒரு வரியை டிஎன்எஸ் பதிவில் சேர்த்து, முகவரி நம் கையில் இருப்பதைக் காட்டினால் போதும். தொண்ணூறு நாளுக்குச் சான்றிதழ் வந்துவிடும். காசு கொடுத்து வாங்குவதில் நிறுவனத்தின் பெயரையும் சரிபார்த்துத் தருவார்கள், சிக்கலென்றால் பேச ஆள் கிடைக்கும். பூட்டின் பலம் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே நண்பர்களிடம் விலையைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. அந்த நட்சத்திரம் ஒரு படிதான் இறங்கும், கிளைக்குள் இருக்கும் கிளைக்குச் செல்லாது. டாட் இன்னுக்கு வாங்கியது டாட் காமுக்கு உதவாது. இதைச் சொல்லிவிட்டு, “சாவியை எத்தனை சர்வரில் காப்பி பண்ணி வெச்சிருக்கீங்க?” என்று கேட்பேன். ஒரு சர்வரிலிருந்து அது திருடுபோனால், அத்தனை கிளைகளின் பெயரிலும் திருடன் கடை போடலாம்.