அவர்களுக்குப் பெருமை, நமக்கு வழக்கு: வேட்பாளரின் குடும்பம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தேர்தல் வந்தால் "வேட்பாளர் என்ன செய்வார்?" என்று கேட்பதற்கு முன் "யாரு மகன், எந்தக் குடும்பம்?" என்றுதான் கேட்பார்கள். சாதாரணக் கேள்வி போலத் தெரியும். ஆனால் எல்லா வேட்பாளருக்கும் இதன் பொருள் ஒன்றல்ல. இந்த வானம் பார்த்த பூமியின் தேர்தல் வரலாறே அதைக் காட்டுகிறது.

இங்கே பெரிதாகப் போற்றப்பட்ட இரு தலைவர்கள் மணமாகாதவர்கள். ஒருவர் விருதுநகர் காமராசர். அம்மா சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மகன் சென்னையில் முதலமைச்சர். தாய் வீட்டுக்கென நகராட்சி போட்ட தண்ணீர்க் குழாயை எடுக்கச் சொன்னார் என்ற கதை இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. தண்ணீருக்குக் குடத்தோடு அலையும் மண்ணில் அந்தக் கதைக்குத் தனி எடை உண்டு. இன்னொருவர் 1952லும் 1962லும் அருப்புக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியில் வென்ற முத்துராமலிங்கத் தேவர். அவருடைய பிரம்மச்சரியமும், தாயை இழந்த குழந்தைக்கு இஸ்லாமியத் தாய் பாலூட்டியதும் அவரது பொதுப் பிம்பத்தின் பகுதிகள் ஆயின. குடும்பம் இல்லாததே இருவருக்கும் தகுதியாக மாறியது.

ஆனால் துறவுப் பிம்பம் மட்டும் ஓட்டைக் காப்பாற்றிவிடாது. 1967இல் காமராசர் சொந்த ஊரான விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அந்தத் தேர்தலைத் தீர்மானித்தன. பிம்பத்துக்குக் கீழே அடக்கப்பட்ட கேள்விகளும் உண்டு. தேவரைப் பற்றிய புகழுரைகளில், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனுக்கு இடமிருப்பதில்லை. அந்தக் கொலை வழக்கில் தேவர் குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலை செய்யப்பட்டார் என்பது பதிவில் உள்ளது. அந்த ஆண்டின் முதுகுளத்தூர் இடைத்தேர்தலும் அதன்பின் எரிந்த சேரிகளும் நம் நினைவில் உள்ளன.

அடுத்த தலைமுறையில் குடும்பம் வாரிசுச் சொத்தானது. அருப்புக்கோட்டை சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த மல்லாங்கிணறு தங்கபாண்டியன் மறைந்த பின், மகன் தங்கம் தென்னரசு அதே தொகுதியில் நின்று வென்றார். 2011 முதல் திருச்சுழியில் வெல்கிறார். மகள் தமிழச்சி தங்கபாண்டியன் 2019இல் தென்சென்னையில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தந்தை பெயரே பாதி அறிமுகமாக அமைகிறது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் இந்த நான்கு ஊர்களிலும் முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. மனுவே தாக்கலாகாத முறைகளும் உண்டு. வென்றவர் உடனே ராஜினாமா செய்த முறைகளும் உண்டு. 2006இல்தான் தேர்தல் முடிந்தது. ஆதிக்கச் சாதியின் நிலத்தில் கூலிக்குப் போகும் குடும்பத்திலிருந்து ஒருவர் மனு போட்டால், அந்த வீட்டின் வேலை, ஆட்டு மேய்ச்சல், கடைச் சரக்கு எல்லாம் சேர்ந்தே பணயமாகின்றன. அங்கே குடும்பம் பிம்பமல்ல, பிணை.

சட்டமன்றத் தனித்தொகுதியில் குடும்பம் சாட்சியம் ஆகிறது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவத்துக்குப் போன குடும்பத்தில் பிறந்த தலித் வேட்பாளர், வென்ற பிறகும் வழக்கில் நிற்க வேண்டியிருக்கிறது.

தமிழ்த் தொழிலாளர் நிறைந்த கோலார் தங்கவயலில் 1967இல் வென்ற எஸ். ராஜகோபாலின் வெற்றி, அவர் மதம் மாறியவர் என்று சொல்லிச் செல்லாததாக்கப்பட்டது. 1972இல் மறுபடி வென்றார். மறுபடி வழக்கு. 1975இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது எடைபோட்டவற்றில், தகப்பனாருக்கு எந்த முறைப்படி ஈமச்சடங்கு நடந்தது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் என்ன எழுதியிருந்தது என்பவையும் இருந்தன.

அரை நூற்றாண்டு கழித்து, கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் 2021இல் வென்ற ஆ. ராஜாவுக்கும் அதே கதை. தேயிலைத் தோட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பம். தேவாலயக் குடும்பப் பதிவேடு, பெற்றோரின் ஞானஸ்நானம், கல்யாணப் போட்டோவில் உடுத்தியிருந்த உடை எல்லாம் ஆராயப்பட்டு, 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் வெற்றியை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் வெற்றியை உறுதி செய்தது. பதவிக்காலத்தின் பெரும்பகுதி வழக்கிலேயே கழிந்தது. பொதுத் தொகுதியில் நிற்பவரின் கல்யாண ஆல்பத்தை எந்த நீதிமன்றமும் இப்படிப் புரட்டுவதில்லை.

தேர்தல் களத்துக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தனித்தொகுதியிலோ ஒதுக்கீட்டு ஊராட்சியிலோ நம்மவர் நிற்பதானால், சாதிச் சான்றிதழ், பெற்றோரின் சான்றுகள், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு ஆகியவற்றை மனுத் தாக்கலுக்கு முன்பே சரிபார்த்து வையுங்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் சட்டமன்றத் தேர்தலை எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதை எதிர்த்தரப்பு நன்றாக அறியும். வேட்பாளரின் தனிநடத்தை பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) பிரிவின்படி முறைகேடு. வாட்ஸப் வதந்தியைத் தேதியோடு சேமித்து வையுங்கள். எதிர் வேட்பாளரின் வீட்டுக் கதையை, குறிப்பாக வீட்டுப் பெண்களைப் பற்றிய கதையை, நாம் எடுக்கக் கூடாது. நம் வீட்டுக் கதவைத் தட்டிய அதே ஆயுதம் அது. கண்மாய் மராமத்து, பஞ்சமி நிலம், நூறு நாள் வேலைக் கூலி பாக்கி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு எல்லா வேட்பாளரிடமும் கேளுங்கள். மூன்றாம் பத்தியைப் பற்றி அவர்கள் கட்சி என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.