மலேரியாவுக்குப் புறப்பட்டது, வாய்க்கு வந்து சேர்ந்தது

1942இல் ஜாவா தீவு ஜப்பானியர் வசமானது. மலேரியா மருந்தான கொய்னாவில் உலகின் பெரும்பங்கு அந்தத் தீவின் சின்கோனா தோட்டங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தென்கிழக்காசியக் காடுகளில் போரிட்ட நேசநாட்டுப் படைகளுக்குக் குண்டைவிடக் கொசு பெரிய பயமானது. மாற்று மருந்து தேடக் கிளம்பியவர்களில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் மான்செஸ்டர் பிரிவும் ஒன்று. அந்தப் பிரிவு பேர்போனதோ துணிச்சாயத்துக்கு!

அங்கிருந்த பிரான்சிஸ் ரோஸும் பிராங்க் கர்டும் சேர்மம் சேர்மமாகச் சமைத்து, எண் போட்டு, சோதித்துத் தள்ளினார்கள். 4888 என்ற எண்ணில் அதிர்ஷ்டம் திறந்தது. 1945இல் புரோகுவானில் வெளிவந்தது. போர் முடிந்தது, மருந்தும் கிடைத்தது. கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் அந்த மருந்தின் உடம்பிலிருந்த பைகுவனைடு என்ற துண்டை வேதியியலாளர்கள் விடவில்லை. அதில் இரண்டை எடுத்து, கார்பன் சங்கிலியால் கோத்துப் பார்த்தார்கள். 1954இல் உலகுக்கு அறிமுகமான குளோர்ஹெக்சிடின் பாக்டீரியாவைப் பெருவாரியாகக் கொன்றது. அறுவை மருத்துவர் கை கழுவவும் புண் துடைக்கவும் உடனே வேலை கிடைத்தது. பட்ட இடத்தில் மணிக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் குணம் ஒன்றும் அதற்கு இருந்தது. அதை வேறொரு துறை கவனித்தது.

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோ என்ற பல் மருத்துவர் விசித்திரமான ஆராய்ச்சி நடத்தி வந்தார். நல்ல பல் உள்ளவர்களைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது. பல் மருத்துவரே பல் தேய்க்காதே என்று சொன்னார்! பிறகு ஷியோட் என்பவரோடு சேர்ந்து, பல் தேய்க்காதவர்களை 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடினால் தினம் இருவேளை கொப்பளிக்க வைத்தார். பல்லில் அழுக்குப் படலமே படியவில்லை. 1970இல் முடிவு அச்சானது. நம்மூரில் பல் பிடுங்கிக்கொண்டு, தாடையைப் பிடித்தபடி மெடிக்கலில் வாங்கிவரும் மவுத்வாஷ் பாட்டில் இந்த வழியாகத்தான் வந்தது.

கொல்லப்பட்ட கிருமிகள் எல்லாமே எதிரிகள்தானா என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட் எச்சிலில் சுரக்கிறது. நாக்கின் பின்பகுதிப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. விழுங்கிய நைட்ரைட் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 1990களுக்குப் பிறகு தெளிவான இந்தச் சங்கதி, பழைய வெற்றிமீது சந்தேகத்தைக் கிளப்பியது. ஓடி முடித்தபின் ரத்த அழுத்தம் கொஞ்சநேரம் இறங்கி நிற்கிறதே, அதிலும் அந்தக் கிருமிகளுக்குப் பங்கு உண்டா?

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ராவுல் பெஸ்கோஸ் குழு ஆரோக்கியமான 23 பேரை டிரெட்மில்லில் அரைமணி நேரம் ஓடவிட்டது. ஓடியபின் ஒரு நாள் குளோர்ஹெக்சிடினாலும், இன்னொரு நாள் வெறும் புதினா வாசனைத் தண்ணீராலும் கொப்பளிக்கச் செய்தது. எது எது என்று ஓடியவர்களுக்குத் தெரியாது. வாசனைத் தண்ணீர் நாளில், ஒருமணி நேரம் கழித்து ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 5.2 புள்ளி இறங்கியிருந்தது. மருந்து நாளில் வெறும் 2 புள்ளி. இரண்டு மணி நேரத்தில் அந்த இறக்கமும் காணாமல் போயிற்று.

2019இல் வெளியான அந்த முடிவு 23 பேரோடு நின்றது. அவர்களில் யாரும் பிரஷர் நோயாளி அல்ல. பல் பிடுங்கிய வாய்க்குச் சில நாள் மருந்துக் கொப்பளிப்பு இன்றும் எழுதித்தரப்படுகிறது. அந்த ஆய்வின் ரத்தப் பரிசோதனை மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொன்னது: ஓடியபின் நைட்ரைட் ஏறியது வாசனைத் தண்ணீர் நாளில் மட்டும்தான்.